வெளியீட்டு விழாவில் 11 பிரதி: புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு

என் முதல் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாவில் மேடையில் மட்டும் ஒன்பது பேர். கீழே நாற்பது பேர் இருந்திருக்கலாம், அதில் பாதி சொந்தக்காரர்கள். ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்டு ஆறே முக்காலுக்குத் தொடங்கி, வரவேற்புரை, தலைமையுரை, நான்கு வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் சால்வை, சால்வை போடுகிறவரைப் பற்றி இரண்டு வரி என்று நீண்டுபோய், ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டபோது மணி ஒன்பது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பேசியவர்களில் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர் ஒரே ஒருவர். இன்னொருவர் தலைப்பையே மாற்றிச் சொன்னார். விற்றது 11 பிரதி, விலை 180 ரூபாய். மண்டபம், மைக்செட், டீ, பிளக்ஸ் எல்லாம் சேர்ந்து 14,000 ரூபாய். அதாவது ஒரு பிரதியை விற்க நான் ஆயிரத்து இருநூறுக்கு மேல் செலவு செய்திருக்கிறேன்.

அதே புத்தகம் அடுத்த ஒன்றரை வருடத்தில் 600 பிரதி போனது. பெரிய விழா எதுவும் இல்லை. தமிழில் ஒரு சிறுகதைத் தொகுப்பு 300 பிரதி தாண்டினாலே பதிப்பாளர் போன் பண்ணி நலம் விசாரிப்பார் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த 600 சின்ன எண்ணாகத் தெரியாது. எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன், கூடவே நான் செய்த முட்டாள்தனங்களையும்.

முதலில் வெளியீட்டு விழா. வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு, அதில் தப்பும் இல்லை. ஆனால் பேச்சாளர்கள் மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது. அந்த மூன்று பேருக்கும் மூன்று வாரத்துக்கு முன்பே அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். பிடிஎஃப் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை, "பார்த்துட்டேன், நல்லா வந்திருக்கு" என்று பதில் வரும், அவ்வளவுதான். மூவரில் ஒருவராவது உங்கள் நண்பராக இல்லாமல் இருப்பது நல்லது. ஊரின் பெரிய மனிதரைத் தலைமைக்குப் போட்டால் கூட்டம் வரும் என்பது பொய். அவரோடு வருகிற நான்கு பேர் அவரோடு கிளம்பிப் போய்விடுவார்கள், காரும் போய்விடும், நாற்காலியும் காலியாகிவிடும்.

தேதி குறிக்கும்போது நாட்காட்டியில் முகூர்த்த நாள் இருக்கிறதா என்று பாருங்கள், வைகாசி ஆவணி ஞாயிறுகளில் மண்டபமும் கிடைக்காது ஆளும் கிடைக்காது. ஐப்பசி மழையில் விழா வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அப்புறம், முழு மண்டபம் எதற்கு? மாவட்ட மைய நூலகத்தில் ஒரு கூடம் இருக்கும், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் வீட்டு மொட்டைமாடி இருக்கும். நாற்பது பேர் இருநூறு நாற்காலியில் உட்கார்ந்தால் துக்க வீடு மாதிரி இருக்கும், அதே நாற்பது பேர் மொட்டைமாடியில் நெருக்கி உட்கார்ந்தால் திருவிழா.

விற்பனை மேசையை வாசலில் போடுங்கள், உள்ளே மேடைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். மேசையில் ஒருவர் விழா முடியும்வரை எழுந்திருக்கவே கூடாது, அவர் உங்கள் கதைகளைக் கேட்கவும் வேண்டாம். சில்லறை, க்யூஆர் அட்டை, இரண்டு பேனா. நாங்கள் க்யூஆர் அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போய், 500 ரூபாய்த் தாளை நீட்டியவர்களுக்கு "அப்புறம் வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பினோம். அப்புறம் யாரும் வாங்கவில்லை.

இந்த விஷயத்தில் இலங்கைக்காரர்கள் தெளிவானவர்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒரு நூல் வெளியீட்டுக்குப் போனால், வருகிறவர்கள் உறையில் பணம் வைத்து எடுத்து வருவார்கள், கொடுத்துப் பிரதியைப் பெற்றுக்கொள்வார்கள். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான், யாரும் கூச்சப்படுவதில்லை. விழா முடியும்போது அச்சுச் செலவில் ஒரு பகுதி எழுத்தாளர் கையில் இருக்கும். இங்கேயோ வந்தவர்களுக்குப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்து, டீயும் கொடுத்து அனுப்புகிறோம்.

இலவசப் பிரதி என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் மாதத்தில் நான் கையெழுத்துப் போட்டு ஓசியில் கொடுத்தது 60 பிரதி. பிரபலங்கள், அரை பிரபலங்கள், சினிமாவில் உதவி இயக்குநராக இருந்த ஒருவர். படித்ததாகச் சொன்னவர்கள் இரண்டு பேர். இப்போது கணக்காகக் கொடுக்கிறேன்: படித்தால் பேசக்கூடியவர், எழுதக்கூடியவர், அல்லது நூலகராகவோ ஆசிரியராகவோ இருந்து பத்துப் பேரிடம் நீட்டக்கூடியவர். மற்றவர்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் காசு கொடுத்து வாங்கட்டும். காசு கொடுத்து வாங்கியவன்தான் பிரித்தாவது பார்ப்பான்.

சரி, எது வேலை செய்தது? இருபது பேர் கூட்டம். தமிழ்நாட்டில் கொஞ்சம் பெரிய ஊராக இருந்தால் ஏதாவது ஓர் இலக்கிய அமைப்பு மாதக் கூட்டம் நடத்திக்கொண்டுதான் இருக்கும். தமுஎகச என்கிற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கிளை இருக்கும், கலை இலக்கியப் பெருமன்றம் இருக்கும், அரசு நூலகத்தின் வாசகர் வட்டம் இருக்கும், இது எதுவும் இல்லையென்றால் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஐந்து பேர் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்கு மாதாமாதம் பேச ஒரு புத்தகம் தேவை. உங்களுக்குப் பேசுகிற ஆட்கள் தேவை. ஆனால் நேராகப் போய் "என் புத்தகத்துக்கு ஒரு கூட்டம் வையுங்கள்" என்று கேட்டால் முகம் சுருங்கும், நானும் கேட்டுப் பார்த்துதான் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் அடுத்தவர் புத்தகத்துக்கான கூட்டத்தில் போய் உட்காருங்கள். அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போங்கள். கடைசிவரை இருங்கள், முடிந்ததும் நாற்காலி மடக்க உதவி செய்யுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, நாற்காலி மடக்கும்போது நடக்கிற பேச்சில்தான் எல்லாம் நடக்கிறது. மைக் அணைந்த பிறகு டீக்கடைக்குப் போகிறார்களே, அங்கேதான் "நீங்க என்ன பண்றீங்க, எழுதுவீங்களா" என்ற கேள்வி வரும். நாலாவது மாதம் அவர்களாகவே உங்கள் புத்தகத்தை எடுப்பார்கள். அப்படி எடுக்கிற கூட்டத்தில் பேசுகிறவர்கள் படித்துவிட்டு வருவார்கள், திட்டுவார்கள், அதுவும் நல்லது. என் தொகுப்பில் ஒரு கதையை ஒரு பெண் எழுந்து நின்று பத்து நிமிடம் கிழித்தார். அவர் கிழித்த கதையைப் படிக்க வேண்டும் என்றே ஏழு பேர் அன்று வாங்கினார்கள்.

விமர்சனம் செய்கிறவரோடு மேடையில் மல்லுக்கு நிற்காதீர்கள். ஏற்புரையில் "நான் சொல்ல வந்தது அது அல்ல" என்று ஆரம்பித்தால் அறையே சோர்ந்துபோகும்.

இனி புத்தகத் திருவிழா. சென்னையில் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்துவது எல்லோருக்கும் தெரிந்த பெரிய சந்தை. ஜனவரியில், பொங்கலை ஒட்டி, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் ஏறத்தாழ 900 அரங்குகள். எங்கே போனாலும் 10 சதவீதத் தள்ளுபடி. அங்கே புது எழுத்தாளர் தொலைந்துபோவதுதான் அதிகம். சென்னை வேண்டாம் என்பதில்லை, வருடம் ஒருமுறை பதிப்பாளர்களையும் சக எழுத்தாளர்களையும் ஒரே இடத்தில் பார்க்க அதைவிட்டால் வழியில்லை. விற்பதற்கு என்றால் ஈரோடு, மதுரை, நெய்வேலி, அப்புறம் 2022 முதல் அரசு மாவட்டந்தோறும் நடத்துகிற திருவிழாக்கள். உங்கள் கதை நடக்கிற மாவட்டம் எதுவோ அங்கே போங்கள்.

என் கதைகள் விசைத்தறியைப் பற்றியவை என்பதால் ஈரோட்டுக்குப் போனேன். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்ட்டில் நடத்தும் திருவிழா அது. மாலையில் பெரிய பேச்சு இருக்கும், பேச்சு முடிந்து வெளியே வருகிற கூட்டம் ஒரு மணி நேரம் அரங்குகளுக்குள் அலையும். அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு. பதிப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு, வாரக்கடைசியில் இரண்டு மாலை அவர் அரங்கில் நிற்க அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பில் போடுகிற மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் உங்களை ஊழியர் என்று நினைத்து வேறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். வெளியே, நடைபாதை ஓரம் நில்லுங்கள். எதிரே வருகிறவர் மூஞ்சியில் புத்தகத்தை நீட்டாதீர்கள். ஒருவர் தானாக எடுத்துப் பின்னட்டையைப் படிக்கிறார் என்றால் படிக்க விடுங்கள். முடித்து நிமிரும்போது ஒரே வரி சொல்லுங்கள். என்னுடைய வரி: "தறி ஓட்டுறவங்க கதைங்க, நான்தான் எழுதுனேன்." அதோடு நிறுத்திக்கொள்வேன்.

இரண்டாவது நாள் மாலை, ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கையில் பாப்கார்ன் பொட்டலத்தோடு நின்று முதல் பக்கத்தைப் படித்தார். நான் வரியைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கப்பாவும் தறிதானுங்க. கடைசில காதே கேக்கல. வீட்லயும் கத்தித்தான் பேசுவாரு, நாங்க சண்டை போடறோம்னு பக்கத்து வீட்ல நெனப்பாங்க."

அந்த வரி என் புத்தகத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டியது. அதை அவரிடமே சொன்னேன். மூன்று பிரதி வாங்கினார், தம்பிக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று. போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அவர் தம்பி பேசினார், குமாரபாளையத்தில் தறி வைத்திருக்கிறாராம், "எங்க பசங்க கூடுவாங்க, வந்து பேசுங்கண்ணா" என்றார். போனேன். இலக்கியக் கூட்டமே இல்லை அது. கூலி உயர்வு பற்றிப் பேசக் கூடியிருந்தவர்கள். பேச்சு முடிந்ததும் பதினைந்து நிமிடம் எனக்குக் கொடுத்தார்கள், ஒரு கதையில் இரண்டு பக்கம் வாசித்தேன். பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல், பிணைக்கிற இடத்தில் ஒரு தவறு இருந்ததை ஒருவர் திருத்தினார். 42 பிரதி போனது. கொண்டுபோனதே 42தான்.

இலக்கிய வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் எழுதுகிறவர்கள் எழுதுகிறவர்களுக்கு விற்கிற கதையாகிவிடும், அவர்களும் உங்களிடம் தங்கள் புத்தகத்தை நீட்டுவார்கள், பண்டமாற்று. உங்கள் புத்தகத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று யோசியுங்கள். ரயில்வே ஊழியர் நாவலா, தொழிற்சங்க அலுவலகம். சமையல் நூலா, மகளிர் குழுக் கூட்டம். நாட்டு மாடு பற்றியதா, சந்தைக்கே போங்கள், கட்டுரை வாசிக்காதீர்கள், ஆளோடு பேசுங்கள்.

கல்லூரிகள் பற்றி சுருக்கமாக. தமிழ்த்துறை கூப்பிட்டால் போகலாம், மாணவர்கள் 180 ரூபாய் கொடுத்து வாங்க மாட்டார்கள், அதை எதிர்பார்க்காதீர்கள். நூலகத்துக்கு இரண்டு பிரதி போகும், ஓர் ஆய்வு மாணவர் பிடித்துக்கொள்வார், அது போதும். போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு கல்லூரியில் மூன்று மணி நேரம் பேசவைத்து, பெயர் பொறித்த ஒரு கேடயத்தைக் கொடுத்து, பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ காசுகூட என் கையிலிருந்துதான் போனது. பெயரிலும் எழுத்துப்பிழை.

அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கக் கொடுக்கிற நூலக ஆணையை நம்பிப் பிரதி அடிக்காதீர்கள். வந்தால் வரட்டும்.

எல்லாக் கூட்டத்துக்கும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்துப் போகிறேன். பெயர், ஊர், எங்கே பார்த்தோம், என்ன பேசினோம். "ஈரோடு, அப்பா தறி, காது" என்று எழுதியிருந்ததால்தான் அந்த அம்மாவின் தம்பி பேசியபோது உடனே நினைவுக்கு வந்தது. மறுநாளே ஒரு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், நன்றி என்று மட்டும், புத்தக அட்டைப்படம் இல்லாமல். இரண்டு மாதம் கழித்து அவர் ஊருக்குப் போகிற வேலை இருந்தால் சொல்லிவிட்டுப் போவேன். எல்லா எண்ணையும் ஒரே குழுவில் சேர்த்து தினமும் காலை வணக்கம் போடுகிற எழுத்தாளர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் புத்தகத்தை வாங்க நினைத்தவர்கள்கூட இப்போது அவரைப் பார்த்தால் தெரு மாறிப் போகிறார்கள்.

பதிப்பாளரிடமும் முன்பே பேசி வையுங்கள். நீங்களே விற்கப்போகிறீர்கள் என்றால் பிரதிகள் உங்களுக்கு எவ்வளவு தள்ளுபடியில் கிடைக்கும், அதற்கு ராயல்டி உண்டா, மீந்ததைத் திருப்பி எடுப்பாரா, மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. என் கட்டிலுக்கு அடியில் 70 பிரதி ஒரு வருடம் தூசி பிடித்துக் கிடந்தது.

கடைசியாக, கட்டு கட்டும் விஷயம். 160 பக்கப் புத்தகம் ஒன்று ஏறத்தாழ இருநூறு கிராம் இருக்கும். ஐம்பதைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாறினால் தோள் இறங்கிவிடும். இருபத்தைந்து, முப்பதை இரண்டு கட்டாகப் பிரித்து, ஈரம் படாமல் உள்ளே பாலித்தீன் உறை போட்டு, கல்லூரிப் பையன் மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டு போங்கள். பையின் முன்பக்க ஜிப்பில் இரண்டு பிரதி தனியாக இருக்கட்டும், பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் "பையில என்னங்க இவ்வளவு கனம்" என்று கேட்பார்.