வளரும் நாய்க்குட்டிக்கு எவ்வளவு சோறு வைப்பது?

கும்பகோணத்தை ஒட்டிய எங்கள் ஊர்ப்பக்கத்தில் நாய்க்குச் சோறு வைப்பது என்றால், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சிய சோற்றில் குழம்புச் சட்டியை அலசி ஊற்றி, கொல்லையில் கிடக்கும் அலுமினியத் தட்டில் கொட்டுவது என்றே பொருள். வளர்ந்த நாட்டு நாய் அதை உண்டும், வயலில் எலியும் நண்டும் பிடித்துத் தின்றும் எப்படியோ காலத்தை ஓட்டிவிடும். குட்டிக்கு அந்த வழி கிடையாது. ஆறு மாதம் முடிவதற்குள் அது தன் முழு எடையில் பாதிக்கு மேல் எட்டிவிடுகிறது. அதற்கு வேண்டிய எலும்பும் தசையும் நாம் வைக்கும் தட்டிலிருந்து மட்டுமே வந்தாக வேண்டும்.

நெல் விளையும் ஊரில் சோற்றுக்குக் குறைவில்லை என்பதுதான் இங்கே சிக்கல். வளரும் குட்டியின் உணவில் ஈரத்தை நீக்கிப் பார்த்தால் குறைந்தது 22 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும். அரிசியில் இருப்பதோ ஏறத்தாழ 7 விழுக்காடு. ஆகவே வெறும் சோறு தின்ற குட்டியின் வயிறு குடம்போல் நிரம்பியிருக்க, முதுகெலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் பானை வயிற்றைப் பார்த்து "நன்றாகத் தேறியிருக்கிறது" என்று மகிழ்பவர்கள் பலர். பெரும்பாலும் அது குடற்புழுவின் அடையாளம். பிறந்த இரண்டாவது வாரம் தொடங்கி மூன்று மாதம் வரை இரு வாரங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் மருத்துவர் சொல்லும் அளவில் புழு மருந்து கொடுக்காமல், எவ்வளவு அளந்து வைத்தாலும் அதில் ஒரு பங்கு புழுவுக்கே போகும்.

அளவைத் தீர்மானிக்க முதலில் வேண்டியது குட்டியின் எடை. சிறு குட்டியை ஒரு பிளாஸ்டிக் கூடையில் உட்கார வைத்து மளிகைக் கடைத் தராசிலேயே நிறுத்துவிடலாம். சற்று வளர்ந்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று, பிறகு தனியாக ஏறி நின்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரே நாளில், காலைச் சோற்றுக்கு முன்பு, நாட்காட்டித் தாளிலேயே எழுதி வருவது நல்லது.

எடை தெரிந்தபின் கணக்கு எளிது. எடையை அதே எடையால் இரண்டு முறை பெருக்கி, வரும் எண்ணுக்குக் கைபேசிக் கணிப்பானில் அடுத்தடுத்து இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, விடையை 70-ஆல் பெருக்கினால், குட்டி அசையாமல் படுத்திருந்தாலும் ஒரு நாளைக்கு அதற்கு வேண்டிய கிலோகலோரி கிடைக்கும். நான்கு மாதம் வரை இதைப் போல மூன்று மடங்கும், அதன்பின் வளர்ச்சி முடியும் வரை இரண்டு மடங்கும் கொடுக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவத்தில் வழக்கமாகக் கொள்ளும் தொடக்க அளவு. மூன்று மாதத்தில் 5 கிலோ இருக்கும் ஒரு குட்டியை எடுத்துக்கொள்வோம். ஐந்தை ஐந்தால் இரு முறை பெருக்கினால் 125. முதல் வர்க்கமூலம் 11.18, அடுத்தது 3.34, எழுபதால் பெருக்கினால் 234, அதன் மூன்று மடங்கு ஏறக்குறைய 700 கிலோகலோரி. அதே குட்டி ஐந்து மாதத்தில் 10 கிலோவைத் தொட்டால் கணக்கு 394-இன் இரு மடங்கு, அதாவது 790-க்குச் சற்றுக் குறைவு. எடை இரட்டிப்பானபோது உணவு எட்டில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குட்டி வளர வளரத் தட்டையும் அதே வேகத்தில் பெரிதாக்கிக்கொண்டே போவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் பிழை.

கடையில் வாங்கும் உலர் உணவு என்றால், குட்டிகளுக்கென்று குறிப்பிட்ட பையையே வாங்க வேண்டும். 100 கிராமில் எத்தனை கிலோகலோரி என்று பையில் அச்சிட்டிருப்பார்கள். அது 360 என்று வைத்துக்கொண்டால், நமது 5 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 195 கிராம். பையின் பின்புறம் உள்ள அட்டவணையைப் பயன்படுத்துவோர் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பல அட்டவணைகளில் ஒரு பக்கம் கொடுத்திருப்பது குட்டியின் இன்றைய எடை அல்ல, வளர்ந்தபின் அது எட்டக்கூடிய எடை. மற்றொன்று, அங்கே இருப்பது ஒரு நாளைக்கான அளவு, ஒரு வேளைக்கானது அல்ல. இந்த இரண்டாவது பள்ளத்தில் நானே விழுந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த லாப்ரடார் குட்டிக்கு நாள் முழுவதற்குமான அளவை மூன்று வேளையும் வைத்தேன். வைத்ததையெல்லாம் மிச்சமின்றித் தின்று, பத்து நாள் இளகலாகவே கழிந்தது. என்ன தின்கிறது என்று கேட்ட மருத்துவர் எவ்வளவு என்றும் கேட்ட பிறகுதான் உண்மை விளங்கியது, மருந்தே தேவைப்படவில்லை. சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்து, ஒரு டம்ளரில் அந்த மட்டத்துக்குக் கோடு போட்டு வைத்துக்கொண்டால் தினமும் நிறுக்கும் வேலை இல்லை.

வீட்டுச் சமையலே கொடுக்க விரும்புவோர், அதே 700 கிலோகலோரிக்கு வடித்த சோறு 200 கிராம், எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 150 கிராம், அவித்த முட்டை இரண்டு, கொஞ்சம் தயிர் என்று ஒரு நாளுக்கு வைத்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடும். கோழிக்குப் பதிலாக முள் நீக்கி அவித்த கெண்டையோ மத்தியோ சேர்க்கலாம். உப்பு மிகுந்த கருவாடு வேண்டாம். குழம்பு ஊற்றிப் பிசைவதை அறவே விட வேண்டும்: சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும்.

இந்தத் தட்டில் இன்னும் ஒரு பெருங்குறை உள்ளது. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. 700 கிலோகலோரி உண்ணும் குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. மேலே சொன்ன தட்டில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. உணவில் கிடைக்காத கால்சியத்தை உடல் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால் கால் வளையும், சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். வீட்டுச் சமையல் கொடுப்போர் கால்சியத்தையும் மற்ற தாதுக்களையும் எந்த அளவில் சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது இதனால்தான். இதற்கு நேர்மாறான தவறும் இங்கே பரவலாக நடக்கிறது: முழுமையான குட்டி உணவைக் கொடுத்துக்கொண்டே, எலும்பு உறுதியாகட்டும் என்று கால்சியம் டானிக்கையும் ஊற்றுகிறார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடலுக்குத் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. ராஜபாளையம், லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் அந்த மிகுதியே எலும்பின் வளர்ச்சியைக் கோணலாக்கிவிடும்.

பால் பற்றிக் கேட்காதவர் இல்லை. தாய் நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப்போல் இரு மடங்குக்கு மேல். பசும்பாலில் கூடுதலாக இருப்பது லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை, அதுவே பேதிக்குக் காரணம். எட்டு வாரம் ஆன குட்டிக்குப் பால் அவசியமே இல்லை, தண்ணீர் போதும்.

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு என்று பிரித்து வைக்கலாம். தட்டை இருபது நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் குட்டி மதியச் சோற்றைத் தொடாமல் திண்ணையடியில் படுத்துக் கிடப்பது இயல்பு. அந்த நாட்களில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் பெரிய பங்கை வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த பையில் பூஞ்சை பிடிக்கும், அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும் என்பதால் உலர் உணவை இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது தொடக்கம் மட்டுமே. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளும் தேவை வேறுபடும். இறுதித் தீர்ப்பு நம் விரல்களில் இருக்கிறது. ஒரு கையை விரித்து வைத்து, மறு கை விரலால் அதன் புறங்கை எலும்புகளைத் தடவிப் பாருங்கள். குட்டியின் விலாவைத் தடவும்போதும் அப்படியே தட்டுப்பட வேண்டும். மடக்கிய முட்டிபோல் துருத்தினால் உணவு போதவில்லை. உள்ளங்கைபோல் மெத்தென்று இருந்தால் மிகுதி. மேலிருந்து பார்க்கையில் விலாவுக்குப் பின்னே இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். இதன்படி பத்தில் ஒரு பங்கு கூட்டியோ குறைத்தோ வைத்து, அடுத்த வாரம் மீண்டும் தடவிப் பார்க்க வேண்டும். இடையிடையே கொடுக்கும் பிஸ்கட்டும் ரஸ்க்கும் நாளின் அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதைத் தட்டிலிருந்து கழித்துக்கொள்ளவும் வேண்டும்.

குறைத்து வைத்தால் பாவம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்று தின்பதைவிடக் கால் பங்கு குறைத்தே மற்றதற்கு ஆயுள் முழுதும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. எங்கள் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அதுக்காகப் பட்டினி போடுவாங்களா" என்றுதான் கேட்டார்.

நன்றாகத் தின்றுகொண்டிருந்த குட்டி ஒரு நாள் முழுக்கச் சோற்றை மறுத்தால், அல்லது வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் கண்டால், அளவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பார்வோ என்னும் வைரஸ் நோய் இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே தூக்கிச் செல்லுங்கள். வாராவாரம் எடை குறித்த நாட்காட்டித் தாளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.