ஊரில் வயிறு குழம்பினால்

கனடாவிலிருந்து ஊருக்குப் போய் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வயிற்றோட்டம் பிடித்தால், மாமியின் கறியைச் சந்தேகிப்பதற்கு முன் கிணற்றை யோசியுங்கள். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். மலகூடக் குழியில் கசிவது அதன் வெடிப்புகளுக்குள்ளால் இலகுவாகக் கிணற்றுக்கு வந்துவிடும். தண்ணீர் தெளிவாகவும் ருசியாகவும்தான் இருக்கும். ஆகவே குடிக்கவும் பல் துலக்கவும் கொதித்தாறிய தண்ணீர். திருவிழாவில் சர்பத்துக்குப் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்கக் கூச்சமா? சூடாக ஒரு பிளேன்ரீ குடியுங்கள்.

சரி, பிடித்துவிட்டது. எங்கள் ஆட்கள் முதலில் தேடுவது ஓட்டத்தை நிறுத்தும் குளிசையை. ஆளை விழுத்துவது ஓட்டமல்ல, அதோடு போகும் நீரும் உப்பும். பாமசியில் ஜீவனி கேளுங்கள்; இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள் அது. பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும்; ஒரு கிளாசில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவது பிழை. அதிலுள்ள குளுக்கோசு ருசிக்கு அல்ல. கிருமி தாக்கிய குடலிலும் குளுக்கோசும் உப்பும் சேர்ந்து நுழையும் வாசல் திறந்தே இருக்கும்; அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். 1971இல் வங்கதேச அகதிகள் வாந்திபேதியால் செத்துக்கொண்டிருந்த பொங்காவ் முகாமில் சேலைன் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இப்படியான கரைசலைத்தான் கொடுத்தார். 30 சதவீதமளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பைக்கற் கிடைக்காத இரவில் 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் மட்டமாக. உப்பு இந்த அளவைத் தாண்டவே கூடாது. 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். அம்மம்மா செவ்விளநீர் வெட்டித் தந்தால் குடியுங்கள், ஆனால் அதில் சோடியம் குறைவு; ஜீவனிக்குப் பதிலாகாது. சோடா வேண்டாம், அதன் சீனி ஓட்டத்தைக் கூட்டும்.

பிள்ளை சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்குங்கள். "வயிற்றைக் காயப்போடு" என்பார்கள், கேட்காதீர்கள். தாய்ப்பாலும் கஞ்சியும் தொடரட்டும். நாகக் (zinc) குளிசை எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஓட்டத்தை நிறுத்தும் லோப்பரமைட் குளிசை சிறுபிள்ளைகளுக்கு ஆகாது. பெரியவர்களும் இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் தொடக்கூடாது. அன்ரிபயோற்றிக்கை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாது.

மலத்தில் இரத்தம், கஞ்சித்தண்ணிபோல் விடாமல் போவது, 6 மணித்தியாலமாகச் சலம் போகாதது, கண்ணீரில்லாத அழுகை, பிள்ளை சோர்ந்து தூங்கிவழிவது: இதில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிதான். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. பிரஷருக்குச் சலம் போக்கும் குளிசையோ சீனி வருத்தத்துக்கு மெற்போமினோ எடுக்கும் அப்பா அம்மாவை அவ்வளவுக்கு விடாமல் முதல் நாளே மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் நீர் வற்றும்போது அந்தக் குளிசைகளே வில்லங்கமாகும்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால், குடும்ப மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது "இலங்கைக்குப் போய்வந்தனான்" என்பதை. சொல்லாவிட்டால் றொறன்ரோவில் இருக்கும் மருத்துவருக்குத் தைபொயிட் நினைவுக்கு வராது.