மூளை அழற்சி: ‘ஜன்னி’ என்று விட்டுவிடும் முன்

காய்ச்சலில் உளறினால் நம் வீடுகளில் “ஜன்னி கண்டிருக்கு” என்பார்கள். நெற்றியில் ஈரத்துணி, ஒரு பாராசிட்டமால், விடியட்டும் பார்க்கலாம். என் கணக்கில் தவறுகளிலேயே பெரியது இதுதான். சூடு தணிந்தும் ஆள் தெளியவில்லையென்றால் மூளை அழற்சியோ, அதாவது மூளையே வீங்கியிருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நேற்றுவரை கடைக்கணக்கு எழுதியவர் இன்று சட்டைக் கைக்குள் காலை நுழைக்கப் பார்க்கிறார், பெற்ற மகனை “யாருப்பா நீ?” என்கிறார். வலிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

சி.டி. ஸ்கேன் நார்மல் என்றதும் ‘அப்பாடா’ என்பது அடுத்த தவறு. ஹெர்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கிய முதல் சில நாட்களில் சி.டி.யில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. முந்திக் காட்டும்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரைச் சோதிக்க முதுகில் ஊசி போட்டு எடுக்கவேண்டும் என்றால் “இடுப்பு விளங்காமப் போயிடும்” என்று கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. மூளையில் அழுத்தம் ஏறியிருந்தாலோ ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ தள்ளிப்போட வேண்டும். மருத்துவர்கள் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு: அதே வேளையில் ரத்தச் சர்க்கரைக்கு ஒரு ட்யூப் எடுக்க மறப்பது. அதோடு ஒப்பிடாமல் நீரிலுள்ள சர்க்கரை குறைவா என்று எப்படிச் சொல்வது?

முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்த நீரில் ஹெர்பிஸ் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ் என்று வரக்கூடும். அறிகுறிகள் பொருந்தினால் ஹெர்பிஸுக்கான மருந்தான அசைக்ளோவிரை நிறுத்தாமல், சில நாள் கழித்து மீண்டும் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். முடிவு வரட்டும் என்று மருந்தைத் தாமதிப்பதும் ஆபத்து. சிகிச்சையே இல்லாவிட்டால் 10 பேரில் 7 பேர் இறந்துபோகும் நோய் இது. மாத்திரை போதாது, ரத்தக்குழாய் வழியாக 14 முதல் 21 நாள்.

ஊர் எது என்று கேட்காமல் விடுவதும் உண்டு. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1955இல் வேலூர்ப் பக்கம்தான். வயல்நீரில் பெருகும் கொசு பரப்புவது. சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் மூளையைத் தொடும். அக்குள், தொடையிடுக்கு என்று துணி விலக்கிப் பார்த்தால் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அதற்கு மருந்து மலிவான டாக்ஸிசைக்ளின்.

காய்ச்சலே இல்லாமல், தூங்காமல், தனக்குத்தானே பேசி, வாயைக் கோணிக்கொண்டிருக்கும் இளம்பெண்ணை மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். உடலின் எதிர்ப்பணுக்களே (ஆன்டிபாடி) மூளையைத் தாக்கும் வகையாக இருக்கலாம். ரத்தத்தில் மட்டும் தேடினால் தவறிவிடலாம், முதுகு நீரிலும் தேட வேண்டும். வயிற்று ஸ்கேன் எழுதினால், “தலைக்கும் வயித்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?” என்பார்கள். சிலருக்கு அந்த எதிர்ப்பணுக்களைக் கிளப்பிவிடுவதே சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டிதான்.