சான்று கேட்கும் பெட்டியைத் தமிழுக்கு ஏற்பச் சீர்செய்வது எப்படி

சான்று காட்டாமல் ஒருவர் புதிதாக எழுதும்போது, எழுதும் மென்பொருளான தொகுப்பி "சான்று சேருங்கள்" என்று ஒரு பெட்டியைக் காட்டும். அது வாசிக்கப்படாமலே மூடப்படுகிறதென்றால், எதைக் கண்டு எழுகிறது என்பதை முதலில் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த விதிகள் தமிழில் அப்படியே ஓடுவதால் வரும் தொல்லைதான் அதிகம்.

விக்கிப்பீடியாவின் காட்சித் தொகுப்பியில் உள்ள சான்றுச் சரிபார்ப்பின் இயல்பான வரம்பு 50 குறிகள். புதிதாகச் சேர்த்த பந்தி அந்த அளவை எட்டியும் சான்று இல்லையென்றால் அது கேட்கும். ஆங்கிலத்தில் 50 குறி என்றால் எட்டு, ஒன்பது சொல். தமிழில் "கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு" என்ற நான்கு சொல்லுக்கே கணினி 49 எண்ணிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவதோ இடைவெளிகளையும் சேர்த்து 27. யூனிகோட்டில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதே காரணம். "கொழும்பு" நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு. தட்டும்போதே எண்ணும் தொகுப்பியென்றால், "1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டது" என்று தொடரப் போகிறவர் ஆண்டைத் தொடங்கும்போதே பெட்டி குறுக்கே நிற்கும்.

இதற்காக வரம்பைக் கூட்டவேண்டாம், எண்ணும் முறையை மாற்றுங்கள். முதலில் உரையை, ஒரே எழுத்தை ஒரே விதமாகக் குறிக்கும் யூனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். சில விசைப்பலகைகள் "கொ"வின் உயிர்க்குறியை ஒரே குறியாக இடும், சில கொம்பையும் காலையும் இரண்டாக இடும். சீராக்காவிட்டால் ஒரே சொல்லுக்கு இரு கணக்கு வரும். பிறகு உரையைத் துண்டாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் செக்மென்டரைக் கிராஃபீம் அளவில், அதாவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தின் அளவில் வைத்து எண்ணுங்கள். மேலே சொன்ன வாக்கியம் முழுதும் அப்போது சரியாக 50 வரும். கேட்கவேண்டிய இடமும் அதுதான்.

வாக்கியம் எங்கே முடிகிறது என்பதிலும் ஒரு பொறி உண்டு. முற்றுப்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டினால் "க. பொ. த. சாதாரண தரம்" நான்கு துண்டாகும். புள்ளிக்கு முன் ஒற்றை எழுத்து மட்டும் இருந்தால் வெட்டாதீர்கள். பெயர்களின் முதலெழுத்தும் இதே விதியால் தப்பும். "வெளி இணைப்புகள்", "இவற்றையும் பார்க்க" போன்ற பகுதிகளைச் சான்று கேட்கத் தேவையில்லாத விலக்குப் பட்டியலில் போடும்போது, "வெளியிணைப்புகள்" என்று சேர்த்து எழுதுவோரையும் நினைவில் வையுங்கள்.

நேரம். வெளியிடும் பொத்தானை அழுத்தியபின் கேட்டால், அதற்குள் பத்திரிகை மடிக்கப்பட்டிருக்கும், புத்தகம் அலமாரிக்குப் போயிருக்கும். நடுவில் கேட்டால் உள்ளீடு குலையும்: ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவருக்கு எழுத்து உருவாகிக்கொண்டிருக்கையில் கவனம் பெட்டிக்குத் தாவினால் "க்" அங்கேயே நின்றுவிடும், "கா" ஆகாது. ஆகவே எழுத்து உருவாக்கம் முடிந்து, தட்டும் இடத்தைக் காட்டும் சுட்டியும் அந்தப் பந்தியை விட்டு விலகியபின், ஓரத்தில் ஒரு சிறு அடையாளம் மட்டும் காட்டுங்கள். எந்த வாக்கியத்துக்குச் சான்று வேண்டுமோ அதற்கு மட்டும் நிறமிடுங்கள். முழுப் பெட்டி வெளியிடும்போது வரட்டும்.

சொல்லும் முக்கியம். "ஆதாரமற்ற தகவல்" என்பது குற்றச்சாட்டு. "இதை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள், பதில் தானாக வரும். பொத்தான்களில் "ஆம்", "இல்லை" வேண்டாம். "சான்று சேர்", "இப்போது இல்லை" என்று செயலையே எழுதுங்கள். "சான்றினைச் சேர்த்துக்கொள்ளவும்" போன்ற நீளம் சிறிய கைபேசித் திரையில் இரண்டாக மடியும்.

அடுத்து வரும் படிவத்தில்தான் நம்மவர்கள் அதிகம் கைவிடுகிறார்கள். இணைய முகவரி ஒன்றையே கேட்கும் படிவம் கொழும்புக்குப் பொருந்தாது. இங்கே ஒருவர் கையில் இருப்பது அச்சிட்ட வீரகேசரியாகவோ தினகரனாகவோ இருக்கும்: திகதி, பக்கம், தலைப்பு போதும். அதிவிசேட வர்த்தமானிக்கு இலக்கமும் திகதியும் வேண்டும். ஆசிரியர் பெயரைக் கட்டாயமாக்கினால் அங்கேயே முட்டி நிற்கும். "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்திலிருந்து எடுத்ததென்றால், இணைப்போடு மூல இதழின் விவரமும் சேரட்டும். 978-955, 978-624 என்று தொடங்கும் இலங்கை நூல்களின் தர எண்ணுக்கு (ஐஎஸ்பிஎன்) தேடலில் விவரம் கிடைக்காவிட்டால், தட்டிய எண்ணை அழிக்காமல் கைப்படிவத்தைத் திறந்துவிடுங்கள்.

ஆசிரியர் பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். முதலெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரைக் குறிப்பது. "குடும்பப்பெயர்" என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நிரப்புவார்கள், அகரவரிசை சிதறும்.

ஒட்டும் உரையிலும் கவனம் தேவை. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய பிடிஎஃப் கோப்பிலிருந்து படியெடுத்தால், புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளியோடு ஆங்கில எழுத்தாக விழும். அதைக் கண்டதும் "யூனிகோட்டுக்கு மாற்றவா?" என்று கேளுங்கள். சிங்களத் தலைப்புகளில் இதற்கு நேர்மாறான ஆபத்து: கண்ணுக்குத் தெரியாத குறிகளையெல்லாம் துடைக்கும் நிரல், அகலமற்ற இணைப்புக்குறியையும் நீக்கி, "ஸ்ரீ" போன்ற கூட்டெழுத்துகளை உடைத்துவிடும்.

சான்று எண்ணைச் செருகும் இடம் முழு எழுத்தின் எல்லையாக இருக்கட்டும். மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவே விழுந்தால் உயிர்க்குறி அநாதையாகிப் புள்ளிவட்டம் தோன்றும். செருகியதை ஒரே "மீளமை"யில் நீக்கவும் முடியவேண்டும்.

மறுப்பவரிடம் காரணம் கேளுங்கள், மூன்றே தெரிவுகளோடு: "எல்லோரும் அறிந்தது", "எதைச் சேர்ப்பதென்று தெரியவில்லை", "மூலம் இப்போது கையில் இல்லை". மூன்றாவதைத் தெரிவுசெய்தவரின் வாக்கியத்தில் "சான்று தேவை" குறியை இட்டு, அவர் மறுமுறை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது அதே இடத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவது காரணம் குவிந்தால் படிவத்துக்கு மேலே ஓர் எடுத்துக்காட்டுச் சான்றை வையுங்கள். பதிவேட்டில் பெட்டி எத்தனை முறை எழுந்தது என்பதோடு, சேர்த்த சான்று ஒரு மாதத்துக்குப் பிறகும் நீக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும் குறித்துவையுங்கள்.