மலிவு விலைச் செயலிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் இரண்டு செயலிகளை (ப்ராசசர்களை) ஒப்பிட்டுப் பார்க்கும் விதத்தைக் கவனிக்கும்போதெல்லாம், நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் விட்ட அதே பிழைகள் அப்படியே தொடர்வதைக் காண்கிறேன். சோதனையின்போது திறந்திருக்கும் மற்ற மென்பொருள்களை மூடிவைக்க வேண்டும், இயக்கி மென்பொருள்களைப் புதுப்பிக்க வேண்டும் என்பவற்றை எல்லோரும் அறிவார்கள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. நல்ல நோக்கத்தோடு அளந்து, எண்களை ஒழுங்காகக் குறித்து வைத்த பின்னரும் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும் பிழைகளையே எழுதுகிறேன். இவை குறைந்த பணத்தோடு வருபவர்களையே அதிகம் பாதிக்கின்றன, ஏனென்றால் தவறாகத் தெரிவு செய்துவிட்டால் அதைத் திருத்துவதற்கு அவர்களிடம் மிச்சப் பணம் இருப்பதில்லை.

ஒரு செயலிக்கு ஒற்றை ரேம், மற்றதற்கு இரட்டை ரேம்

கொட்டாஞ்சேனையில் காணொளித் தொகுப்பும் முப்பரிமாண வடிவமைப்பும் கற்பிக்கும் சிறிய வகுப்பொன்று மாணவர்களுக்காகக் கணினிகள் வாங்கத் தீர்மானித்தது. தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வாங்கப் பணம் போதாது. செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை நம்பித்தான் வாங்க வேண்டும். இன்டெல் கோர் ஐ3-12100 எடுப்பதா, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி எடுப்பதா என்று அவர்கள் கேட்டபோது, கடையில் வேலை செய்த தம்பி இரண்டையும் பூட்டிச் சோதித்துக் காட்டினார். ஐ3 பூட்டிய மதர்போர்டில் வேறொரு கணினியிலிருந்து கழற்றிய இரண்டு 8 ஜிபி ரேம்கள் இருந்தன. ரைசனுக்கோ புதிதாக வந்திருந்த 16 ஜிபி ரேம் ஒன்றை மட்டும் போட்டிருந்தார். இரண்டிலும் 16 ஜிபிதானே இருக்கிறது என்பது அவருடைய கணக்கு. சோதனையில் ரைசனின் கிராபிக்ஸ் சற்றே முந்தியது. அந்தச் சிறு வித்தியாசத்துக்காக அதிக விலை கொடுப்பது வீண் என்று வகுப்பை நடத்தியவர்கள் ஐ3 கணினிகளையே வாங்கினார்கள். பின்னர் முப்பரிமாணக் காட்சிகள் தட்டுத்தடுமாறி ஓடவே, ஒவ்வொரு கணினிக்கும் பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைத் தேடி வாங்க வேண்டியதாயிற்று. முதலில் மிச்சம் பிடித்த பணத்தைவிட அதற்கே அதிகம் செலவானது.

இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இந்தப் பிழை மிகச் சுலபமாகத் தவிர்க்கக்கூடியது. டிடிஆர்4-3200 ரேம் (டிடிஆர்4 வகை, 3200 வேகம்) ஒன்று ஒரு வினாடிக்கு அதிகபட்சமாக 25.6 ஜிபி தரவைச் செயலிக்குக் கொண்டுசேர்க்கும். ஒரே வகையான இரண்டு ரேம்களை இரண்டு சானல்களில் (தரவுப் பாதைகளில்) பூட்டினால் அந்த எல்லை 51.2 ஜிபி ஆகிறது. தனிக் கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாக நினைவகம் உண்டு. செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை. செயலியின் கருக்களும் (கோர்களும்) கிராபிக்ஸும் ஒரே ரேமைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவே கிராபிக்ஸ் எவ்வளவுக்கு வலியதோ அவ்வளவுக்கு ஒற்றை ரேம் அதை முடக்குகிறது. ஐ3-12100 இல் இருக்கும் சிறிய யுஎச்டி 730 கிராபிக்ஸுக்கு ரேமின் வேகம் அவ்வளவு தேவைப்படுவதில்லை, 5600ஜி இன் வேகா கிராபிக்ஸுக்கோ அதுவே உயிர். அந்தச் சோதனையில் வலிய கிராபிக்ஸின் வேகம் பாதியாக மறிக்கப்பட்டிருக்க, மெலிந்ததற்கு முழு வேகமும் கிடைத்திருந்தது. அளக்கப்பட்டது செயலிகளின் வித்தியாசமன்று, ரேம் பூட்டிய விதத்தின் வித்தியாசம்.

இந்தப் பிழை கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. புதியவர்கள் முதலில் ஓட்டிப் பார்ப்பது செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை. அந்தச் சோதனை பெரும்பாலும் செயலியின் கருக்களுக்குள்ளும் அவற்றின் உள் நினைவகத்துக்குள்ளும் நடந்து முடிவதால், ஒற்றை ரேமிலும் இரட்டை ரேமிலும் ஏறக்குறைய ஒரே எண்ணே வரும். அதைப் பார்த்துவிட்டு, ஒரு ரேம் போதும், மற்றதைப் பிறகு வாங்கலாம் என்று வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுகிறார்கள். அதே கணினியில் 7-ஜிப் சுருக்கும் சோதனையையும், உள் கிராபிக்ஸில் ஒரு விளையாட்டையும் ஓட்டினால் எண்கள் வேறு கதை சொல்லும். ரேமுக்கு அதிகம் போகாத ஒரு சோதனையை வைத்துக்கொண்டு ரேம் பொருட்டல்ல என்று எவரும் தீர்மானிக்கக் கூடாது.

இரண்டு ரேம்கள் இருந்தால் மட்டும் போதாது, அவை சரியான இடங்களில் இருக்க வேண்டும். நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டுகளில் பொதுவாகச் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில் பூட்ட வேண்டும். முதல் இரண்டு இடங்களிலோ கடைசி இரண்டு இடங்களிலோ பூட்டினால் இரண்டும் ஒரே சானலுக்குப் போய்விடும், கணினியோ எந்த எச்சரிக்கையும் தராமல் இயங்கும். 8 ஜிபியோடு 4 ஜிபியைச் சேர்த்துப் பூட்டினால், 8 ஜிபி அளவு இரட்டைச் சானலிலும் எஞ்சிய 4 ஜிபி ஒற்றைச் சானலிலும் இயங்குவதால், எந்தத் தரவு எங்கே போய் அமர்ந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் முடிவு மாறும். அப்படிப்பட்ட கணினியை ஒப்பீட்டுக்கே எடுக்காதீர்கள்.

சிபியு-இசட் மென்பொருளின் நினைவகப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்குச் சில வினாடிகளே ஆகும், ஆனால் அதையும் சரியாக வாசிக்கத் தெரிய வேண்டும். டிடிஆர்4 இல் 3200 வேகம் அங்கே 1600 க்கு அருகிலான எண்ணாகவே தெரியும். அது பாதி வேகமன்று, கணக்கிடும் முறை அப்படி. டிடிஆர்5 இல் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஒவ்வொரு டிடிஆர்5 ரேமும் தனக்குள்ளேயே இரண்டு 32 பிட் உப சானல்களாகப் பிரிந்திருப்பதால், ஒற்றை ரேம் போட்டிருந்தாலும் மென்பொருள் இரண்டு 32 பிட் என்று காட்டும். அதைப் பார்த்து இரட்டைச் சானல் கிடைத்துவிட்டது என்று நம்பியவர்கள் பலர். டிடிஆர்5 இல் நான்கு 32 பிட் என்று வந்தால்தான் இரண்டு ரேம்கள் சரியாக வேலை செய்கின்றன. ஏஎம்டி செயலிகளுக்கான ஏஎம்5 வகை மதர்போர்டுகள் டிடிஆர்5 ஐ மட்டுமே ஏற்பதாலும், 2024 இல் வந்த ரைசன் 5 8600ஜி போன்ற செயலிகளின் உள் கிராபிக்ஸ் இன்னும் வலியது என்பதாலும், இந்தப் பிழையின் விலை இனிமேல் கூடுமே தவிரக் குறையாது.

கடைசியாக எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு. 3200 என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் பல ரேம்கள் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) எக்ஸ்எம்பியை இயக்கும்வரை 2133, 2400 அல்லது 2666 வேகத்திலேயே ஓடும். ஒரு கணினியில் அதை இயக்கி மற்றதில் மறந்துவிட்டால், மேலே சொன்ன அநியாயம் சற்றுச் சிறிய அளவில் மறுபடியும் நடக்கிறது. இரண்டு கணினிகளும் ஒரே வகை ரேமை ஏற்குமானால் ஒரே சோடி ரேம்களைக் கழற்றி மாறி மாறிப் பூட்டிச் சோதிப்பதே நேர்மையான வழி. ஒன்று டிடிஆர்4, மற்றது டிடிஆர்5 என்றால் மதர்போர்டும் ரேமும் சேர்ந்த மொத்த விலையைச் சமப்படுத்தி ஒப்பிடுங்கள், அப்படிச் செய்ததை முடிவோடு எழுதியும் வையுங்கள்.

முதல் அரை நிமிடத்தை நம்பிவிடுதல்

கோர் ஐ5-12400 இன் அடிப்படை மின்வலு 65 வாட், உச்ச மின்வலு 117 வாட். இன்டெலின் வழமையான அமைப்பில் அந்த உச்சம் சுமார் 28 வினாடிகளுக்கு மட்டுமே; அதன் பின் செயலி 65 வாட்டுக்கு இறங்கிவிடும். சில மதர்போர்டுகள் இந்த எல்லையைத் திறந்து விட்டிருக்கும். வேறு சில மலிவான எச்610 மதர்போர்டுகளின் மின்வழங்கும் பகுதியில் வெப்பத் தகடே இருக்காது. அவை சூடேறிச் செயலியை இன்னும் கீழே இழுத்துவிடும். ஆகவே ஒரே செயலி இரண்டு மதர்போர்டுகளில் இரண்டு விதமான எண்களைத் தருவதில் ஆச்சரியமில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 செயலிகளில் 65 வாட் என்று எழுதியிருப்பவற்றில் பல 88 வாட் வரை தொடர்ச்சியாக எடுக்க அனுமதி உள்ளவை; பெட்டியில் இருக்கும் 65 ஐ மட்டும் பார்த்து இரண்டு நிறுவனங்களின் மின்செலவைச் சமன் என்று எழுதுவது பிழை.

இதனோடு கொழும்பின் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுச் சோதனையாளர்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் அளக்கிறார்கள். வெள்ளவத்தையில் மின்விசிறி மட்டும் சுழலும் ஓர் அறையில் பிற்பகல் வேளையில் 31, 32 பாகை செல்சியஸ் சாதாரணம். பெட்டியோடு வரும் சிறிய குளிர்விப்பானுக்கு, குளிரூட்டிய அறையைவிடக் கூடும் அந்தப் பத்துப் பாகை பெரிய சுமை. காலையில் ஒரு செயலியையும் பிற்பகலில் மற்றதையும் சோதிக்காதீர்கள். சினிபெஞ்ச் ஆர்23 இன் பத்து நிமிட ஓட்டத்தை முழுமையாக விட்டு, வெப்பநிலையையும் வாட்டையும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பதிவு செய்து, அறை வெப்பத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுச் சோதிப்பதும் எனக்கு உடன்பாடில்லை, வாங்குபவர் அதை மூடித்தான் பாவிக்கப் போகிறார்.

பிசிஐஇ தலைமுறையை மறத்தல்

தனிக் கிராபிக்ஸ் கார்டோடு சோதிக்கும்போது வரும் பொறி இது. பிசிஐஇ என்பது கார்டுக்கும் செயலிக்கும் இடையே தரவு போகும் பாதை; 3.0, 4.0 என்பவை அதன் தலைமுறைகள். ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு பிசிஐஇ தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. ரைசன் 5 5500 உம் 5600ஜி உம் பிசிஐஇ 3.0 தான் தருகின்றன, ஐ3-12100 இல் அந்தக் கார்ட் பிசிஐஇ 4.0 வேகத்தில் இயங்கும். அந்தக் கார்டைக் கொண்டு இவற்றை ஒப்பிட்டால் ரைசன் பக்கத்தில் கார்டின் பாதை பாதியாகக் குறுகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் இழப்பு பெரிது. பி450, ஏ520 மதர்போர்டில் பூட்டினால் பிசிஐஇ 4.0 உள்ள ரைசன் 5 5600 க்கும் இதே கதிதான். பதினாறு தடங்கள் உள்ள கார்டொன்றைக் கொண்டு மறுபடியும் சோதித்த பின்பே செயலியைப் பற்றிப் பேசலாம்.

கிராபிக்ஸ் கார்டை அளந்துவிட்டுச் செயலியின் பெயரை எழுதுதல்

ஒரு விளையாட்டை உயர்ந்த தரத்தில் ஓட்டி, மூன்று செயலிகளும் ஒரே எண்ணைத் தந்தன என்று எழுதுகிறார்கள். அங்கே எல்லையாக நின்றது கிராபிக்ஸ் கார்ட். தெளிவுத்திறனையும் காட்சித் தரத்தையும் இறக்கி, கார்டின் பயன்பாடு 100 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு கிடைக்கும் எண்தான் செயலியினுடையது. சராசரியை மட்டும் எழுதாமல், மிகவும் மந்தமான 1 சதவீதச் சட்டங்களின் (ஃபிரேம்களின்) வேகத்தையும் எழுதுங்கள்; நான்கு கருச் செயலிகளின் திணறல் பெரும்பாலும் அந்த எண்ணில்தான் வெளிப்படும்.

வெவ்வேறு பதிப்புகளின் எண்கள்

சினிபெஞ்ச் ஆர்23 இன் எண்ணையும் சினிபெஞ்ச் 2024 இன் எண்ணையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

ஒரே தடவை ஓட்டுதல்

குறைந்தது மூன்று தடவை ஓட்டுங்கள். 2, 3 சதவீத வித்தியாசத்தை வெற்றி என்று எழுதாதீர்கள்.

பழைய விண்டோஸும் புதிய விண்டோஸும்

விண்டோஸ் 11 ஐப் புதிதாக நிறுவும்போது நினைவக ஒருமைப்பாட்டுப் பாதுகாப்பு பெரும்பாலும் இயங்கிய நிலையில் வரும். விண்டோஸ் 10 இலிருந்து மேம்படுத்திய கணினியில் அது அணைந்தே இருக்கக்கூடும். விளையாட்டுகளில் அதன் பாதிப்பு அளக்கக்கூடியது. இரண்டிலும் ஒரே நிலையில் வைத்துச் சோதியுங்கள்.

பழைய விலையால் வகுத்தல்

ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வேகம் என்று கணக்கிடும்போது இரண்டு விலைகளும் ஒரே நாளின் விலைகளாக இருக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதைக் கண்ட நாட்டில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் போன மாதத்து விலைப்பட்டியலையும் இன்று தொலைபேசியில் கேட்ட விலையையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போடுபவர்களை இன்னும் பார்க்கிறேன். பெயரின் முடிவில் எஃப் உள்ள இன்டெல் செயலியில் உள் கிராபிக்ஸ் இல்லை, ஆகவே அதன் விலையோடு ஒரு கார்டின் விலையையும் கூட்ட வேண்டும். பெட்டியில்லாமல் தட்டில் வரும் செயலி மலிவாகத் தெரிந்தால், குளிர்விப்பானின் விலையைச் சேர்த்து, உத்தரவாதத்தைத் தருவது யார், எவ்வளவு காலத்துக்கு என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதன் பிறகு வகுத்துப் பாருங்கள்.