ஃபேன்டஸி நாவலைப் படித்துவிட்டுக் கூடிப் பேசுவது எப்படி? பெங்களூர்த் தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்முறை

"செம்மயா இருந்துச்சு", "கொஞ்சம் இழுவை", "எனக்கு செட் ஆகல". புத்தகம் படித்த நாலு பேர் கூடினால் பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றோடு நின்றுவிடுகிறது. ஃபேன்டஸி நாவல் என்றால் இன்னொரு வாக்கியமும் சேர்ந்துகொள்ளும்: "மாயாஜாலக் கதைதானே, அதுல என்ன நியாயம் பார்க்கறது?"

நியாயம் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னையிலோ மைசூரிலோ நடக்கும் கதையில் தவறு இருந்தால், நமக்குத் தெரிந்த உலகத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஃபேன்டஸியில் உலகமே எழுத்தாளர் கட்டியது. அங்கே எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்று தீர்மானித்தவரும் அவரே. தான் போட்ட சட்டத்தைத் தானே மதித்தாரா என்று பார்ப்பதில்தான் இந்த வகை நாவலின் தரம் தெரியும். அப்படிப் பார்க்கவும், பார்த்ததைப் பிறர் முன் வைக்கவும் சில வழிகளைச் சொல்கிறேன். இதுவரை எந்தப் புத்தகக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வட்டங்களில் ஒருவர் ஆங்கிலத்தில் படித்திருப்பார், ஒருவர் கன்னட மொழிபெயர்ப்பில், இன்னொருவருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். இதனால் யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. எதில் படித்தாலும் பேச்சு தமிழில் இருக்கட்டும். அம்மாவிடம் கதை சொல்வதுபோலச் சொன்னாலே போதும்.

படி 1: முடிக்கக்கூடிய புத்தகத்தை எடுங்கள்

தடித்தடியான சீரிஸ்தான் ஃபேன்டஸி என்று நினைத்துப் பலர் முதல் மாதத்திலேயே களைத்துவிடுகிறார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996-இல் வந்தது. அந்த வரிசையின் ஐந்தாம் நூல் 2011-இல் வந்தது. ஆறாவதற்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அற்புதமான வரிசைதான், ஆனால் முதல் கூட்டத்துக்கு வேண்டாம். முடிவு தெரியாத கதையில் எழுத்தாளர் கணக்கை நேர் செய்தாரா என்று எப்படிச் சொல்வது?

நான் பரிந்துரைப்பது அர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. 1968-இல் வந்த சிறிய நாவல். சில மாலைகளில் முடித்துவிடலாம். சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் ஃபேன்டஸி அடுக்கைத் தேடிப் பாருங்கள். ஆளுக்கொரு பிரதி கிடைக்காவிட்டால் கைமாற்றிப் படிக்கவும் ஏற்ற அளவு.

படி 2: பென்சிலோடு படியுங்கள்

மூன்று குறிகள் போதும். உலகத்தின் சட்டம் ஒன்று சொல்லப்படும் இடத்தில் 'ச'. யாராவது எதையாவது இழக்கும் இடத்தில் 'இ'. நம்ப முடியாமல் வாசிப்பு தடுக்கிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. இரவல் புத்தகமானால் பக்க எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் உங்களுக்குத் துணை இந்தப் பக்க எண்கள்தான்.

படி 3: சட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

இது அயல்நாட்டு வித்தை என்று தயங்க வேண்டாம். வேதாளம் கதையில் நாம் எல்லாரும் இதைச் சிறுவயதிலேயே பழகிவிட்டோம். பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தால் விக்கிரமாதித்தனின் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். இரண்டே விதி. கதைத்தொடர் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. கடைசிக் கதையில் என்ன நடக்கிறது? கேள்விக்கு ராஜாவுக்கே பதில் தெரியவில்லை, அதனால் பேசவில்லை. தலையும் வெடிக்கவில்லை, வேதாளமும் பறக்கவில்லை. விதியை மீறாமலே விதியிலிருந்து வெளியே வர ஒரு வழி ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. நல்ல ஃபேன்டஸி தரும் மகிழ்ச்சி இதுதான் என்பேன்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இதையே விளக்கினார். கதைசொல்லி இரண்டாவதாக ஓர் உலகத்தைப் படைக்கிறார். அதற்குள் நாம் இருக்கும்வரை அந்த உலகத்தின் சட்டப்படி நடப்பதெல்லாம் நமக்கு உண்மை. அவநம்பிக்கை எழுந்த கணமே மாயம் கலைந்து நாம் வெளியே வந்துவிடுகிறோம். நீங்கள் கேள்விக்குறி போட்ட இடம் அந்தக் கணம்.

படிக்கும்போது கேட்க வேண்டியவை: இங்கே மந்திரத்தால் முடியாதது எது? யாருக்கு அது வசப்படும், ஏன்? முதல் பாதியில் சொன்ன விதி கடைசி அத்தியாயத்திலும் அப்படியே இருக்கிறதா? நாயகன் மாட்டிக்கொண்ட நேரத்தில் இதுவரை யாரும் கேள்விப்படாத சக்தி ஒன்று வந்து காப்பாற்றினால் அங்கே தயங்காமல் குறி போடுங்கள். மந்திரத்தால் ஒரு சிக்கலைத் தீர்க்க எழுத்தாளருக்கு உள்ள உரிமை, அந்த மந்திரம் வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் ஒரு விதி வகுத்திருக்கிறார். கூட்டத்தில் மிகவும் பயன்படும் அளவுகோல்.

ஆனால் அதையே எல்லாப் புத்தகத்துக்கும் போட்டு அளக்காதீர்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் மந்திரவாதி காண்டால்ஃபின் சக்தி எது வரை என்று டோல்கீன் எங்கும் பட்டியல் போடவில்லை. அது குறையாகத் தெரியாததற்குக் காரணம், தீய சக்தி நிறைந்த மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கும் வேலையை காண்டால்ஃபின் மந்திரம் செய்வதில்லை. ஃப்ரோடோ, சாம் என்ற இரண்டு சிறிய ஆட்கள் நடந்தே போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

படி 4: என்ன விலை கொடுத்தார்கள்?

ஒரே ஒரு கேள்வியோடு கூட்டத்துக்குப் போகச் சொன்னால் நான் இதைத்தான் எடுத்துப்போவேன். சக்திக்கு விலை இல்லாத உலகத்தில் எனக்குப் பயமும் வருவதில்லை, பரிவும் வருவதில்லை.

எர்த்சீயைப் பாருங்கள். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் படிக்கும் கெட் என்ற இளைஞன் பெரிய திறமைசாலி. தன்னைச் சீண்டும் சக மாணவன் முன் தோற்கக் கூடாது என்ற வீம்பில் இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவு வழியே ஒரு நிழல் உருவம் உள்ளே நுழைந்துவிடுகிறது. அதை மூட முயன்ற தலைமை மந்திரவாதி தன் வலிமையெல்லாம் அதில் செலவாகி இறந்துபோகிறார். கெட்டின் முகத்தில் வடு, அதைவிட மனதில். அதற்குப் பிறகு நாவல் முழுவதும் அந்த ஒரு நொடிக்கான கணக்குத் தீர்ப்புதான். ரோக் தீவில் வரவழைத்த மழை ஓஸ்கில் தீவில் வறட்சியாகலாம் என்று அங்கே ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாவலின் சட்டமும் விலையும் அந்த ஒரு பாடத்திலேயே இருக்கின்றன. ஓர் இடத்தில் கூட்டினால் இன்னோர் இடத்தில் குறையும்.

இப்படி 'இ' போட்ட பக்கங்களை வரிசையாக எடுத்து வைத்தால் கதையின் ஓட்டமே கண்ணில் தெரியும். சண்டைக் காட்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் அது தெரியாது.

படி 5: சின்னப் பொருள்களைத் தேடுங்கள்

ராஜாக்களும் டிராகன்களும் கண்ணில் தானாகப் படுவார்கள். அந்த ஊரில் உழுவது யார், சமைப்பது யார், ராஜாவுக்கு வரி கட்டுவது யார் என்று கேளுங்கள். டோல்கீனின் நாவலில் தோட்டக்காரன் சாம் தன் சமையல் பாத்திரங்களை எதிரியின் நாடான மோர்டோர்வரை சுமந்துகொண்டே வருகிறான். இனித் தேவைப்படாது என்று தெரிந்தபிறகு ஒரு பிளவில் அவற்றைப் போட்டுவிடுகிறான். அவை உருண்டு விழும் சத்தம் அவனுக்குச் சாவு மணிபோலக் கேட்கிறது. அந்தப் பக்கத்தில் மந்திரம் எதுவும் இல்லை. இனி வீட்டுக்குத் திரும்பப்போவதில்லை என்பதை அந்தச் சத்தம் சொல்லிவிடுகிறது. கூட்டத்தில் இப்படி ஒரு பக்கத்தை யாராவது கண்டெடுத்து வந்தால் எனக்கு அந்த நாள் நிறைந்துவிடும்.

தமிழில் பார்க்க விரும்புகிறவர்கள் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) நாவலை எடுக்கலாம். ஒரு கோயிலைச் சுற்றி ஒரு நகரத்தையே எழுப்பிய படைப்பு. ஃபேன்டஸி வாசிப்புக்குப் புதியவர்கள் கொஞ்சம் பழகிய பிறகு அதற்குப் போவது நல்லது. பொறுமையாகப் படிக்க வேண்டியது.

படி 6: கருத்தை மூன்று வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

முதல் வரியில் நீங்கள் கவனித்தது. இரண்டாவதில் அது நடக்கும் பக்கம். மூன்றாவதில் அது உங்களை என்ன செய்தது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். உணர்ச்சியை முதலில் சொல்லிவிட்டால் பிறகு ஆதாரம் தேட மனம் வராது.

"கெட் கேரக்டர் செம" என்று தொடங்கியதை இப்படி வளர்க்கலாம்: "கெட் பெரிய மந்திரவாதி ஆனப்புறமும் ஒரு குழந்தையைக் காப்பாத்த முடியல. படகு கட்டுற நண்பனோட பையன் சாகக் கிடக்கறான். இவன் சாவோட எல்லைய தாண்டிப் போயும் வெறுங்கையோட திரும்பறான். சக்தி இருந்தா எல்லாம் முடியும்னு நான் அதுவரைக்கும் நினைச்சுட்டு இருந்தேன், அந்த இடத்துல அது போச்சு." இதைக் கேட்டவர் உடன்படலாம், மறுக்கலாம், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

பிடிக்காத புத்தகத்துக்கும் இதே முறைதான். "போரடிச்சது" என்பதற்குப் பதில், எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

படி 7: இடமும் நேரமும்

கப்பன் பார்க் மரநிழல் நல்ல இடம். அதே பெயரில் மெட்ரோ நிலையம் இருப்பதால் ஒயிட்ஃபீல்டிலிருந்தும் கெங்கேரியிலிருந்தும் பர்ப்பிள் லைனில் நேராக வந்துவிடலாம். காலையில் வையுங்கள், சாயங்கால மழையை நம்ப முடியாது. ஒரு ஜமக்காளம், ஐந்தாறு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம், முதல் சுற்றில் குறுக்கே பேசக் கூடாது. முடிவைச் சொல்லலாமா கூடாதா என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; ஒருவர் முடிக்கவில்லை என்றாலும் அவர் நிறுத்திய அத்தியாயம்வரைதான் முதல் அரைமணி.

படி 8: மறுத்துப் பேசுங்கள்

தமிழ்க் கூட்டங்களில் வயதில் மூத்தவர் சொன்னால் இளையவர்கள் அடங்கிவிடுகிறார்கள். மரியாதை இருக்கட்டும், மறுப்பும் இருக்கட்டும். "அக்கா, நீங்க சொன்னது எந்த இடத்துல வருது?" என்று கேட்பதில் எந்த அவமரியாதையும் இல்லை.

பழகிப் பார்க்க ஒரு புகழ்பெற்ற வாதம் இருக்கிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மோதிரத்தை ஏன் ராட்சதக் கழுகுகளே தூக்கிக்கொண்டு போய் எரிமலையில் போட்டிருக்கக் கூடாது? கடைசியில் ஃப்ரோடோவையும் சாமையும் காப்பாற்ற அவை வருகின்றனவே? இதைக் கேட்பவரைச் சிரித்து அடக்காதீர்கள். நியாயமான கேள்வி, புத்தகத்தைத் திறக்க வைக்கும் கேள்வி.

ஒரு தரப்பு இப்படிப் பேசலாம்: "காண்டால்ஃப் சிறையிலேர்ந்து தப்பிக்கும்போது எவ்வளவு தூரம் சுமப்பேன்னு கழுகுகிட்ட கேக்கறார். ரொம்ப தூரம் சுமப்பேன், ஆனா உலகத்தோட எல்லைவரைக்கும் இல்ல, சேதி சொல்லத்தான் என்னை அனுப்பினாங்க, சுமை தூக்க இல்லன்னு அது சொல்லுது. மோதிரத்தை என்ன செய்யறதுன்னு கூடிப் பேசற எல்ரோண்ட் சபை அத்தியாயத்துலயே இருக்கு. அப்புறம் பறக்கிற மிருகத்து மேல எதிரியோட ஆளுங்க, நாஸ்கூல், காவல் இருக்காங்க. மோதிரம் அழிஞ்சு அவங்க போனப்புறம்தான் கழுகு அங்க உள்ள வருது."

மறு தரப்புக்கும் பலம் உண்டு: "அதெல்லாம் சரி தம்பி. ஆனா அந்தச் சபையில அத்தனை அறிவாளிங்க உக்காந்து அத்தனை வழியையும் அலசறாங்க. கழுகுன்னு ஒருத்தர்கூட வாய் திறக்கலயே. ஒரே ஒரு வரி எழுதியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது."

எனக்கு இரண்டாம் தரப்பின்மீது சாய்வு. டோல்கீனுக்கும் இந்த ஆபத்து தெரிந்தே இருந்தது. 1958-இல் ஒரு திரைக்கதை வரைவைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதத்தில், கழுகுகள் ஆபத்தான கருவி என்றும் தான் அவற்றைச் சிக்கனமாகவே பயன்படுத்தியதாகவும் சொல்கிறார். அப்படிச் சிக்கனம் பிடித்தவர் அந்த ஒரு வரியையும் தந்திருக்கலாம். ஆனாலும் நாவல் என் மனதில் சரியவில்லை. ஏனென்றால் எரிமலையின் விளிம்பில் மோதிரத்தைப் போட ஃப்ரோடோவுக்கு மனம் வருவதில்லை, தனக்கே என்று உரிமை கொண்டாடுகிறான். மோதிரத்தின் மேல் வெறியோடு பின்தொடர்ந்து வந்த கால்லம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்துக்கொண்டு தவறி விழுவதால்தான் எல்லாம் முடிகிறது. கழுகில் பறந்து வந்திருந்தாலும் அந்த விளிம்பில் கடைசி அடி மனிதர்களை நம்பியதாகத்தான் இருந்திருக்கும். என்னிடம் உள்ள பதில் இது. வேறு பதில் வைத்திருப்பவரோடு பேசவே ஆசைப்படுகிறேன்.

பேச்சு முடிந்ததும் ஒருவர் இரண்டு விஷயங்களை மட்டும் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடட்டும்: எந்தப் பக்கத்தில் அதிகம் மோதிக்கொண்டோம், யார் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அடுத்த புத்தகத்தை, அன்று மிகக் குறைவாகப் பேசியவர் தேர்ந்தெடுக்கட்டும்.