மார்வாடிக்கு ஹிந்தியோடு வருபவர்கள் செய்யும் தவறுகள்

ராஜஸ்தானின் ஜோத்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மார்வாடி மொழியில் எடுக்கும் பேட்டிகளைக் கேட்டு எழுதுபவர்களின் நோட்டுகளைத் திருத்துவது என் வேலை. வருஷா வருஷம் ஆட்கள் மாறுகிறார்கள், தப்பு மாறுவதில்லை. எழுத்துப்பிழையை விட்டுவிடுகிறேன், அது போகப்போகச் சரியாகிவிடும்.

"ஹிந்தி தெரியும், சமாளிச்சிடலாம்"

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஹிந்தியில் 'ராம் நே பைசா தியா' என்றால் ராம் பணம் கொடுத்தான். மார்வாடியில் 'ராம் நை பைசா தியா' என்றால் ராமுக்குக் கொடுத்தார்கள். ஹிந்தியில் கொடுத்தவனோடு ஒட்டுவது இங்கே வாங்கியவனோடு ஒட்டுகிறது. கொடுத்தவன் பெயர் சும்மா நிற்கும். ஹிந்தியில் 'உடைய' என்று பொருள்படும் 'கா, கே, கீ' இங்கே 'ரோ, ரா, ரீ' ஆவதை எல்லாரும் சட்டென்று பிடித்துவிடுகிறார்கள், ஒலியே வேறு. 'நை' அப்படியில்லை. காதுக்குப் பழகிய ஒலி, அதனால் சந்தேகமே வராது.

பாலி மாவட்டத்தில் கடன் விவரம் கேட்கப் போனான் ஒரு பையன். சரளமான ஹிந்தி. அவன் நோட்டில் குடியானவர்களெல்லாம் கடன் கொடுத்திருந்தார்கள். லேவாதேவிக்காரர், பாவம், ஊர் முழுக்கக் கடன்பட்டிருந்தார்! இடம் போதவில்லை என்று ஒலிப்பதிவையும் அழித்திருந்தான். திரும்பப் போனபோது பாதிப்பேர் வாயே திறக்கவில்லை. கடன் கதையை யார் இரண்டு தரம் சொல்வார்கள்?

'நை' காதில் விழுந்தால் பேனாவை நிறுத்துங்கள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அங்கேயே கேளுங்கள். அப்புறம், பதிவை அழிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் 'ஹம்'

தமிழர்கள் இதில் தவறினால் கோபமே வரும். மார்வாடியில் நாங்கள் என்பது 'ம்ஹே', நாம் என்பது 'ஆபாம்'. இரண்டையும் ஹிந்தியின் ஒற்றை 'ஹம்'மில் கொட்டினால், பேசியவர் உங்களையும் சேர்த்துச் சொன்னாரா என்பதே தெரியாமல் போகும்.

ஒரே அகராதியோடு ராஜஸ்தான் முழுக்கச் சுற்றுவது

ஊருக்கு ஊர் பேச்சு வேறு: உதய்பூரில் மேவாடி, ஜெய்ப்பூரில் டூண்டாடி, கோட்டாவில் ஹாடௌதி. 'இருக்கிறது' என்னும் ஜோத்பூரின் 'ஹை' ஜெய்ப்பூர்ப் பக்கம் 'சை' ஆகிவிடும்.

மார்வாடி என்றால் சேட்டு

இல்லை. ஆடு, ஒட்டகம் மேய்க்கும் ரைகாக்களும் ஜெய்சால்மரின் மாங்கணியார் பாடகர்களும் பேசுவது இதைத்தான். எல்லைக்கு அப்பால் சிந்துவிலும் உண்டு. சௌகார்பேட்டையை வைத்து மார்வாரை அளக்காதீர்கள்.

78 லட்சம்

மார்வாடி தாய்மொழி என்று பதிந்தவர்களின் எண்ணிக்கை, 2011 கணக்கெடுப்பில். பேசுபவர்கள் இவ்வளவுதான் என்று எழுதிவிடாதீர்கள். 'ராஜஸ்தானி' என்று பதிந்த 2.58 கோடிப் பேர் இதில் சேர்த்தியில்லை. இரண்டையும் ஹிந்திக்குள்தான் அடக்கியிருக்கிறார்கள்.

மகாஜனியில் எழுதிய பழைய பேரேடு

நீங்களே படிக்காதீர்கள். மகாஜனி வணிகர்கள் கணக்கெழுதிய எழுத்து, உயிரொலியைக் காட்டும் குறி பெரும்பாலும் இருக்காது.